ஆமாம், நாங்கள் இறங்கவில்லை

அந்தப் பதிவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், லிங்க் கேட்காதீர்கள். “ஒரு வாரம், நாலு போர்ட், பதினாறு இடம்: கரீபியன் க்ரூஸை முழுசாக அனுபவிப்பது எப்படி?” இதுதான் தலைப்பு. ஹார்ட்டும் லைக்குமாகக் குவிந்து கிடக்கிறது. கடைசிப் பத்தியைப் படிக்காமல் விட்டிருந்தால் நானும் ஒரு லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன். “எங்கள் குரூப்பிலேயே சிலர் அவ்வளவு காசைக் கொட்டிக் கப்பல் ஏறிவிட்டு, செயின்ட் தாமஸ் தீவு வந்தபோதுகூட இறங்காமல் பஃபேயில் உட்கார்ந்திருந்தார்கள். இட்லி கிடைக்கவில்லை என்ற சோகமோ என்னவோ!” பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகள்.

அந்தச் ‘சிலர்’ நாங்கள்தான். குரூப்பில் இறங்காத குடும்பம் எங்கள் குடும்பம் ஒன்றுதான். பெயர் போடவில்லையே என்று சமாதானம் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வராதீர்கள். அட்லாண்டாவில் எங்களைத் தெரிந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. காலையிலிருந்து மூன்று வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் சுற்றுகிறது.

வீட்டுக்காரர் “விடு, நாளைக்கு ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும்” என்கிறார். முழிக்கலாம். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு போர்ட்டுக்கு ஒரு இடம். அதுவும் மனசிருந்தால். இல்லையென்றால் கப்பலிலேயே இருக்கலாம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் காலை எட்டு மணிக்குக் கட்டுகிறது, சாயங்காலம் நாலரைக்குள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இறங்குவதற்கு ஒரு வரிசை. வெளியே வந்தால் டாக்ஸிக்கு ஒரு வரிசை. செயின்ட் தாமஸில் டாக்ஸி என்றால் பெரும்பாலும் டிரக்கின் பின்னால் பெஞ்சு போட்டுக் கூரை போட்ட திறந்த வண்டி. அது நிறைந்தால்தான் கிளம்பும். திரும்பும்போது பயத்தில் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். கையில் மிஞ்சுவது ஐந்து மணி நேரம், போனால் போகிறது, ஐந்தரை. அதற்குள் மலை உச்சி, டிரேக்ஸ் சீட் வியூ பாயின்ட், மேகன்ஸ் பே கடற்கரை, மெயின் ஸ்ட்ரீட் ஷாப்பிங். நாலும் பார்த்தார்கள், மறுக்கவில்லை. மேகன்ஸ் பே கிட்டத்தட்ட ஒரு மைல் நீளத்துக்கு வளைந்து கிடக்கிற கடற்கரை. தண்ணீர் கண்ணாடி. அங்கே இவர்கள் நின்றது முக்கால் மணி நேரம். ஈரத்தோடு வண்டியில் ஏறக்கூடாது என்று பிள்ளைகளைத் தண்ணீரில் கால் நனைக்கக்கூட விடவில்லை. இதைச் சொன்னது அந்த வீட்டுப் பையன். பந்தியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு கடி கடித்துவிட்டு இலையை மூடுகிற வேலை இது.

அன்றைக்கு நாங்கள் என்ன செய்தோம்? மற்ற நாட்களில் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டிய டெக்கில் ஈ காக்கா இல்லை. கப்பல் போர்ட்டில் நிற்கும்போது கேசினோவும் டியூட்டி ஃப்ரீ கடைகளும் பூட்டியிருக்கும், அதனால் அந்த இரைச்சலும் இல்லை. அம்மாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி. எதிரே சார்லட் அமேலி நகரம், மலைச்சரிவு முழுக்கச் சிவப்புக் கூரைகள். டென்மார்க் வைத்திருந்த இந்தத் தீவுகளை 1917-இல் அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது என்று என் பெண் போனில் படித்துச் சொன்னாள். அம்மா, “ஆளுங்களோட சேர்த்தா?” என்று கேட்டார். அப்புறம் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு குட்டி விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து இறங்கியது. பக்கத்துத் தீவான செயின்ட் க்ராய்க்குப் போய்வருகிற கடல் விமானம். கொஞ்ச நேரத்தில் அதுவே திரும்ப எழும்பிப் போனது. அம்மா மதியச் சாப்பாட்டுக்குக்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, “அடுத்தது எப்ப வரும்?” என்று ஒரே கேள்வி. மன்னார்குடியிலிருந்து வந்த மனுஷிக்கு விமானம் தண்ணீரில் இறங்குவதைப் பார்ப்பது சுற்றுலா இல்லையாம். டிரேக்ஸ் சீட்டில் இறங்கி, செல்ஃபி எடுத்து, திரும்ப வண்டியில் ஏறுவதுதான் சுற்றுலாவாம். சரி.

பஃபேயில் உட்கார்ந்திருந்தோம் என்பதுகூடப் பொய். பஃபேக்குப் போனது என் வீட்டுக்காரர், தட்டு எடுத்துவர.

மற்ற போர்ட்டுகளில் நாங்கள் இறங்கினோம். அது அந்தப் பதிவில் வராது, ஏனென்றால் ஒரு இடத்துக்குத்தான் போனோம். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கப்பல் பிற்பகலில்தான் கட்டியது. எல் மோரோ கோட்டையைச் சாயங்காலத்துக்கு முன்னாலேயே பூட்டிவிடுவார்கள், தேசியப் பூங்கா நிர்வாகம், நேரம் என்றால் நேரம். நம் ஆட்கள் மூச்சிரைக்க மேட்டில் ஓடி, மூடிய கதவுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். பதினாறில் அதுவும் ஒரு இடம், எண்ணிப் பாருங்கள். பழைய சான் ஹுவான் தெருக்களில் பாவியிருக்கும் நீலக் கல்லில் அம்மாவின் சக்கர நாற்காலி போகாது. நாங்கள் மதிலுக்கு வெளியே கடலோரமாக இருக்கும் பாசேயோ நடைபாதையில், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். தள்ளுவண்டியில் ஒருவர் ஐஸ் கட்டியைச் சீவி, கோபுரம் மாதிரி கூம்பாக நிறுத்தி, மேலே சிரப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிராகுவா என்கிறார்கள். பாட்டில்களில் புளி சிரப்பும் இருந்தது. “புளியில ஐஸா? தொண்டை கட்டும்” என்று அம்மா முதலில் கையால் தள்ளினார். ஒரு வாய் வைத்தார். அப்புறம் யாருக்கும் தரவில்லை. ‘மிஸ் பண்ணக்கூடாத பத்து’ பட்டியல் எதிலும் அந்த பெஞ்சு இருக்காது.

செயின்ட் மார்ட்டினுக்கு வருவோம், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இவர்கள் தனியாக வேன் பேசி மாஹோ பீச், மரிகோ, ஓரியன்ட் பே, திரும்ப பிலிப்ஸ்பர்க் என்று திட்டம் போட்டார்கள். மாஹோ தெரியும்தானே, தலைக்கு மேலே விமானம் இறங்கும் கடற்கரை. யூடியூபில் பார்த்த அந்தப் பெரிய 747 வரும் என்று ஒரு மணி நேரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேஎல்எம் விமானக் கம்பெனி அதை அங்கே கொண்டுவருவதை 2016-லேயே நிறுத்திவிட்டது. ரன்வே வேலிக்குப் பக்கத்தில் நிற்காதே, என்ஜின் காற்று தூக்கி வீசும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். 2017-இல் ஒரு பெண் அப்படித் தூக்கி வீசப்பட்டு இறந்தே போனார். அந்த வேலியில் பிள்ளைகளைச் சாய்த்து வைத்து போட்டோ. வரும் வழியில் சிம்ப்சன் பே பாலத்தைப் படகுகளுக்காகத் தூக்கிவிட்டார்கள். தீவு முழுக்க டிராஃபிக். கடைசியில் கப்பல் மேலிருந்து ஜனங்கள் கைதட்டிக் கூச்சல் போட, கடற்பாலத்தில் குடும்பத்தோடு ஓடி வந்தார்கள். பதிவில் இதற்குப் பெயர் ‘த்ரில்லிங் ஃபினிஷ்’.

கப்பல் கம்பெனி நடத்துகிற எக்ஸ்கர்ஷனில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பேசின வேனுக்கு ஒரு நிமிஷம் நிற்காது. ஹெச்-ஒன்-பி விசாவையும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு ஒரு தீவில் விடப்பட்டால் என்ன ஆகும் என்று நம்மில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? அது த்ரில்லாம். டெக்கில் உட்கார்ந்த நாங்கள் கோமாளிகளாம்.

அன்றைக்கு எங்கள் நாள்: வாட்டர் டாக்ஸி பிடித்து பிலிப்ஸ்பர்க் கடற்கரை. குடை, நாற்காலி வாடகைக்கு. மதியம் வெயில் ஏறியதும் பின்னாலேயே இருக்கும் ஃப்ரன்ட் ஸ்ட்ரீட். அங்கே நகைக்கடை, கேமராக் கடை பாதிக்கு மேல் சிந்திக்காரர்கள் கடை மாதிரிதான் தெரிந்தது. ஒரு கடையில் பெரியவர் அம்மாவின் புடவையைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். வாங்கப் போவதில்லை என்று தெரிந்தும். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. 2017 புயலில் கடைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டினார். அம்மா தன் பங்குக்கு கஜா புயலில் எங்கள் தென்னைமரங்கள் சாய்ந்ததைக் கையை மடக்கி மடக்கிக் காட்டினார்.

இப்போது வருவார்கள், தெரியும். “காசு கொடுத்துப் போய் சும்மா உட்கார்ந்தால் வீண்தானே?” யார் காசு? உங்கள் காசா? கட்டின டிக்கெட்டில் கப்பலும் சேர்த்தி. துறைமுக வரியை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிடுகிறார்கள். அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று வெயிலில் ஓடுகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

“வாழ்க்கையில் ஒரு தடவைதான் போகிறோம்” என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஓடாதீர்கள் என்று! ஒரு தடவைதான் மேகன்ஸ் பே பார்க்கப் போகிறீர்கள் என்றால் நாள் முழுக்கப் பாருங்கள். கால் நனையுங்கள்.

“நீங்கள் இறங்காவிட்டால் தீவுக்காரர்களுக்கு என்ன வருமானம்?” என்று ஒரு தம்பி கமெண்டில் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். ஆனால் கப்பல் கம்பெனியின் சொந்தத் தீவில் நாள் முழுக்கக் கிடந்தவர்கள் அதைக் கேட்கக்கூடாது.

இறங்குவதற்கே நான் எதிரி என்று யாரும் திரிக்க வேண்டாம். தெற்குப் பாதையில் போகிற கப்பல்கள் சில குவாதலூப்பில் நிற்கும். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் பக்கத்து ஆட்களை அந்தத் தீவில் முதல் தடவையாகக் கொண்டுபோய் இறக்கியது 1854 டிசம்பரில். அடுத்த முப்பது சொச்சம் வருஷத்தில் 40,000 பேருக்கு மேல். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் நிறையப் பேர். காப்ஸ்தேர் ஊர்ப்பக்கம் ஷாங்ஜி என்ற இடத்தில் அவர்கள் வம்சத்தார் கும்பிடுகிற கோயில் இருக்கிறது, மாரியம்மன் வழிபாடு இன்னும் நடக்கிறது. அதற்கு ஒரு நாள் முழுசாகக் கொடுப்பேன். கால் கடுக்க நிற்பேன். இதை குரூப்பில் டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே சொன்னேன். இந்த வழியே போகலாமே என்று ரூட் மேப்பும் போட்டேன். வந்த பதில்: “அங்க பீச் நல்லா இருக்குமா?” இன்னொருவர், “கோயிலுக்கு ரிவர்டேலே போயிக்கலாமே.” ரிவர்டேல் என்றால் அட்லாண்டா பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயில். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உண்மையில் எனக்குக் கோபம் பதினாறு இடத்தின் மேல் இல்லை. நூறு பாருங்கள். முதல் நாளே ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மாவை ரூம்ல விட்டுட்டு வாங்களேன், டிவி இருக்குல்ல, நாம ஃப்ரீயா சுத்தலாம்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் முடியாது என்றேன். அதற்குப் பிறகு எந்தப் போர்ட்டிலும் எங்களை யாரும் கூப்பிடவில்லை. கப்பலிலிருந்து இறங்குகிற கேங்வே பக்கம் எல்லோரும் ஒரே நிற டி-ஷர்ட்டில் நிற்பதைப் பார்த்தபோதுதான் டி-ஷர்ட் அடித்ததே எங்களுக்குத் தெரியும்.

அப்பா போனபிறகு அம்மா ஊரைவிட்டு எங்கேயும் போனதில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய் ஆபரேஷனுக்கு பயந்துகொண்டு இருக்கிறவர். ஆறு மாச விசிட்டில் வந்தவரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனது, அவரைக் கேபினில் பூட்டிவைத்துவிட்டு நான் மலை உச்சியில் போட்டோ எடுக்கவா?

அம்மாவுக்கும் முகநூல் இருக்கிறது. அந்தப் பதிவை நேற்று ராத்திரி நான் பார்ப்பதற்கு முன்னாலேயே படித்துவிட்டார். காலையில் காபி கொடுக்கும்போது கேட்டார், “என்னாலதான உங்களுக்கு இந்தப் பேச்சு?” இதற்கு நான் என்ன பதில் சொல்ல, அண்ணா? உங்களை அண்ணா என்றுதானே இத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறேன். உங்கள் அம்மா வந்திருந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போக நான் லீவு போட்டேன். அப்போது யாரும் கணக்கு எழுதவில்லை.

அண்ணி மத்தியானம் போன் பண்ணி “சும்மா ஜாலிக்கு எழுதினார், நீ சீரியஸா எடுத்துக்காத” என்றார். ஜாலி என்றால் எங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும் இல்லையா? பதிவை எடுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. இருக்கட்டும். கீழே “யாரு சார் அந்த பஃபே ஃபேமிலி?” என்று கேட்டு வைத்திருக்கிறவர்களுக்கு: நாங்கள்தான், வணக்கம்.

டிசம்பர் க்ரூஸுக்கு எங்கள் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். டெபாசிட்டை நான் உங்களுக்குத்தான் அனுப்பினேன், புக்கிங் உங்கள் பெயரில் இருக்கிறது. கடைசித் தேதி தாண்டினால் கம்பெனி பிடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் கேன்சல் பண்ணித் திருப்பி அனுப்புங்கள். அம்மா பங்கையும் சேர்த்து.