சரிவையும் கணக்கில் எடுங்கள்
மட்டையின் பிடியிலும் மணிக்கட்டிலும் சென்சார் பொருத்தி கோல்ஃப் பயிற்சி தருவது பற்றிய கட்டுரை அருமை. ஊட்டியில் இளையவர்களுக்குக் கற்றுத்தருபவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே சமதளம் அபூர்வம். பந்து பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால், வலக்கை ஆட்டக்காரரின் அடி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மட்டையின் வேகத்தை நொடியில் சொல்லும் சென்சார், பந்து எந்தச் சரிவில் கிடந்தது என்று சொல்லாது. மாணவனோ தன் வீச்சில்தான் குறை என்று நினைத்து, நன்றாக இருந்ததையும் மாற்றிக் கெடுத்துக்கொள்கிறான். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு. அதே அடி கோயம்புத்தூரைவிட இங்கே நீளமாகப் போகும். சென்சார் தரும் எண்களோடு பந்து கிடந்த இடத்தையும் பயிற்சியாளர்கள் அவசியம் குறித்துவைக்க வேண்டும். மட்டைப்பை சுமந்து நடக்கும் உதவியாளர்களுக்கு ஒவ்வொரு சரிவும் அத்துப்படி. அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் படியுங்கள்.