சிங்கப்பூரில் தீர்ந்தது அரிசி அல்ல

2020 பிப்ரவரி 7 அன்று கொரோனா எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்ததும் சிங்கப்பூரில் அரிசிக் கையிருப்பே தீர்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்போது வந்த காலி அலமாரிப் படங்கள் உண்மைதான். ஆனால் காலியானது கடைத்தட்டு, நாட்டின் கையிருப்பு அல்ல. அங்கே அரிசி இறக்குமதியாளர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல இரண்டு மடங்கைக் கிடங்கில் வைத்திருந்தாக வேண்டும். நம்ம பொன்னி அரிசிகூட அந்தக் கணக்கில் உண்டு. ஒரே மாலையில் எல்லோரும் அள்ளினால், கிடங்கிலிருந்து மூட்டை வந்துசேரும் வரை தட்டு காலியாகத்தான் கிடக்கும். சந்தேகமிருந்தால் என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் இணையதளத்தில் அரிசி இருப்புத் திட்டப் பக்கத்தைப் பாருங்கள். அப்புறம், அடுத்த சில நாள் செய்திகளையும் தேடுங்கள். தட்டுகள் மறுபடி நிரம்பியது தெரியும்.