கர்ப்பிணி வீட்டில் ஹாம்ஸ்டர்: வாட்ஸ்அப் தகவல் சரியா?

"ஹாம்ஸ்டர், கினிப் பன்றி, வெள்ளெலி வளர்க்கும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குழந்தை ஊனமாகத்தான் பிறக்கும். அதன் முடி மூச்சில் போனாலே டாக்ஸோபிளாஸ்மா வரும். இன்றே வெளியே விட்டுவிடுங்கள்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது.

டாக்ஸோபிளாஸ்மா என்பது ஓர் ஒட்டுண்ணி; அதன் முட்டைகள் வெளிவருவது பூனையின் மலத்தில். ஹாம்ஸ்டர் முடியில் அல்ல. ஆனால் முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. கவலைப்பட வேண்டியது வேறொன்று: எல்.சி.எம்.வி. என்ற வைரஸ். இதைச் சுமப்பது முக்கியமாக நம் சமையலறையில் ஓடும் சுண்டெலிதான். அதனிடமிருந்து கடையிலோ வீட்டிலோ வளர்ப்புப் பிராணிக்கும் தொற்றலாம். சிறுநீர், எச்சம், எச்சில், கூண்டில் போடும் மரத்தூள் வழியாக மனிதருக்கு வரும். தாய்க்கு வெறும் காய்ச்சல், தலைவலியோடு போய்விடலாம். கருவுக்குப் பரவினால் கருச்சிதைவு, மூளையில் நீர் கோத்தல், பார்வைக் கோளாறு வரை போகலாம். அரிதுதான், ஆனால் உண்மை.

அதற்காகப் பிராணியைத் தெருவில் விட்டால் நாய்க்கோ பூனைக்கோ இரையாகும், பாவம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்வது இவ்வளவே: கூண்டைத் தனி இடத்தில் வையுங்கள், சுத்தம் செய்வதை வேறொருவர் பார்க்கட்டும், அதே அறையில் கர்ப்பிணி அதிக நேரம் இருக்க வேண்டாம். அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். வீட்டு எலி எச்சத்தையும் உலர்வாகப் பெருக்காதீர்கள், தூசி பறக்கும். பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறிய பின் துடையுங்கள். ஏற்கெனவே கூண்டைக் கழுவியிருந்தால் பதற வேண்டாம், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த ஃபார்வர்டு உங்கள் குரூப்புக்கும் வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.