கத்திவாக்கம் எப்போது சென்னைக்குள் வந்தது?

சென்னை மாநகராட்சியைப் பற்றிய செய்திகளில், 2011-இல் அதனோடு இணைக்கப்பட்ட ஊர்களைக் குறிக்கும் ‘விரிவாக்கப் பகுதிகள்’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறு எரிச்சல் வருகிறது. மழைநீர் வடிகாலோ, பாதாளச் சாக்கடையோ, எது தாமதமானாலும் அந்தச் சொல்லே அதற்குச் சமாதானமாகிவிடுகிறது. பிறகு வந்து சேர்ந்தவர்கள் பிறகுதான் பெற முடியும் என்பது போல. மாநகராட்சியின் முதல் மண்டலமான, கத்திவாக்கமும் அடங்கிய திருவொற்றியூர் மண்டலத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் வரலாற்றுக்கே பொருந்தாது என்பது என் கருத்து.

நவாப் தாவுது கான் 1708-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களை அளித்தார். நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு, திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகியவை அந்த ஐந்தும். வேப்பேரியும் சாந்தோமும் கம்பெனியிடம் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய கத்திவாக்கம் மதராசைச் சேர்ந்த ஊராகிவிட்டது. இந்த ஐந்தில் நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் நகருக்குள் கரைந்தன. மற்ற மூன்றும் மாநகராட்சியின் கோட்டுக்குள் வர 2011 ஆயிற்று. இடையில் சென்றவை 303 ஆண்டுகள்.

கம்பெனி வருவதற்கு முன் அங்கே ஊரே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தேவார மூவரும் பாடிய தலம் ஒற்றியூர். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழ மரத்தடியில் வாக்களித்து அதை மீறியதும் அங்கேதான். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அக்கோயிலின் விமானத்தைக் கல்லால் எழுப்பியவன் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு பெயரிட்டே சொல்கிறது. கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டை கட்டப்படுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது இது. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

ஏன் இந்த ஊர்கள் வெளியே நின்றன என்பதற்கு நிலத்தின் அமைப்பே பாதி விடை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். இவற்றுக்கு நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மணல் பட்டைதான் இந்த மண்டலத்தின் பெரும்பகுதி. மதராசிலிருந்து எண்ணூர் வரை 1806-இல் வெட்டப்பட்டு முதலில் காக்ரேன் பெயரால் அழைக்கப்பட்ட கால்வாய்தான் பின்னர் நீண்டு பக்கிங்காம் கால்வாயாயிற்று. அதில் படகுகள் ஓடின, கரையோரம் உப்பளங்கள் இருந்தன, எண்ணூர் ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கத் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். நகரத்துக்கு உப்பும் காற்றும் தந்த ஊர் நகராட்சிக் கோட்டுக்குள் இருக்க வேண்டிய தேவை அன்று யாருக்கும் படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அதே தூரம் வேறு கணக்குக்கு உதவியது. துறைமுகமும் ரயில் பாதையும் அருகில், நிலமோ நகர எல்லைக்கு வெளியே. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை வந்தது; எண்ணூரில் அசோக் லேலண்டு வந்தது; 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகத் தொடங்கின; 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் புகைவிடத் தொடங்கியது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பட்டையை விட்டுவிட்டு எழுத முடியாது. இங்கிருந்து மின்சாரமும் வண்டியும் டயரும் நகருக்குள் போயின; நகரின் குடிமை வசதிகள் மட்டும் தண்டையார்பேட்டையைத் தாண்டத் தயங்கின.

கடலும் தன் பங்குக்குக் கணக்குக் கேட்டது. நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை தேய்ந்தது. மாலையில் மெரினாவில் நாம் காலாற நடக்கும் மணல், ஒரு வகையில் வடக்கே உள்ள குப்பங்கள் இழந்த மணல்தான். அங்கே இன்று கடற்கரை என்றால் பாறைக் குவியல் என்றே பொருள். இதைச் சொன்னால் சிலர் கோபிக்கிறார்கள். கோபிக்க ஒன்றுமில்லை, இயற்பியல் அப்படி.

இனி 2011-க்கு வருகிறேன். அந்த ஆண்டு 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சென்னையோடு இணைக்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனது. பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. புதிய பகுதிகளுக்கு 93 கிடைத்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் கலைந்து, 1 முதல் 14 வரையிலான வார்டுகளாக முதல் மண்டலத்துக்குள் வந்தன. இணைப்பை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதில் இழந்ததையும் சொல்ல வேண்டும். முன்பு கத்திவாக்கத்துக்குத் தனி மன்றம் இருந்தது. நடந்து போய் நகராட்சித் தலைவரிடம் முறையிடலாம். இப்போது முடிவெடுக்கும் ரிப்பன் மாளிகை பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, அங்கே 200 பேரில் சிலராக நம் உறுப்பினர்கள் அமர்கிறார்கள்.

அந்த உறுப்பினர்களும் எப்போதும் இருந்ததில்லை. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் தாராகப் படிந்தபோது, ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அன்று அந்த மக்களுக்காக மாமன்றத்தில் எழுந்து பேச ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: மாநகராட்சி சென்னை, வருவாய் மாவட்டம் திருவள்ளூர் என்ற இரட்டை நிலை 2018 வரை நீடித்தது. வரி ஓரிடம், கலெக்டர் ஓரிடம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வடக்கு எல்லை. மாநகராட்சியின் கோடு கழிமுகத்தோடு நின்றுவிடுகிறது. அக்கரையில் வட சென்னை அனல் மின் நிலையம், அதன் சாம்பல் குளம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். இக்கரையில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம். கொசஸ்தலையாறு ஒன்றுதான், சாம்பலும் எண்ணெயும் அதில்தான் இறங்குகின்றன, வலை வீசுகிறவர்களும் அதையே நம்பி இருக்கிறார்கள். நிர்வாகம் மட்டும் இரண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து கால்வாய் வழியாக எண்ணெய் வந்தபோது அது இரண்டாம் மண்டலமான மணலியிலிருந்து முதல் மண்டலத்துக்கு வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் மக்கள் அமோனியா நெடியில் வீடு விட்டு ஓடியபோது கசிந்தது கடலுக்கடியில் கிடந்த குழாய். மண்டல வரைபடம் எதற்கும் அணை போடவில்லை.

அக்கரை ஊராட்சிகளையும் மாநகராட்சியில் சேர்த்துவிட்டால் போதும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். கிராம சபை என்ற ஒன்றாவது அவர்களிடம் இருக்கிறது; அதைப் பறித்துக்கொண்டு பதிலுக்கு 201-ஆவது வார்டு என்று ஒரு எண்ணைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் மண்டலமும் மணலி மண்டலமும் அக்கரை ஊராட்சிகளும் சேர்ந்து அமரும், கழிமுகத்துக்கென்றே சட்ட அதிகாரம் உள்ள ஒரு குழு வேண்டும். ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் விரிவாக்க அனுமதி கொடுக்கும் முன் அதன் ஒப்புதலைப் பெற வேண்டும். அதற்கு முன் செலவில்லாத ஒன்றையும் செய்யலாம்: அடுத்த முறை ஆவணங்கள் அச்சாகும்போது கத்திவாக்கத்துக்கும் திருவொற்றியூருக்கும் எதிரே உள்ள ‘விரிவாக்கப் பகுதி’ என்ற குறிப்பை எடுத்துவிடலாம்.