சுக்கானைக் கழற்றக் குழி தோண்ட வேண்டுமா?

போன மாதம் கரையில் நின்ற ஒரு 28 அடிப் பாய்மரப்படகின் சுக்கானை, அதாவது படகைத் திருப்பும் பலகையை, கழற்றுவதற்காகக் கடப்பாறையால் குழி தோண்டினோம். சுக்கான் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. கீழே இறக்கினால்தான் வெளியே வரும். தண்டைச் சுற்றியிருக்கும் நைலான் வளையம் (புஷ்) பல வருடமாகத் தண்ணீர் குடித்து ஊதி, தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. முழுதாக இரண்டு நாள் போனது.

தண்டு மேல்பக்கம் பளபளவென்று இருந்தது. பலகைக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு. நகத்தை வைத்து இழுத்தேன், மாட்டியது. விரிசல்! காற்றுப் படாமல் தண்ணீர் தேங்கினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். கழற்றாமல் இருந்திருந்தால் கடலில்தான் தெரிந்திருக்கும்.

தண்ணீரில் மிதக்கும்போதே கழற்ற முடியாத சுக்கானை நெடுந்தூரப் படகுக்கு வரையவே கூடாது. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். 2021 ஜனவரியில், தனி ஆளாக உலகைச் சுற்றும் வாண்டே குளோப் பாய்மரப்படகுப் போட்டியின் நடுவே, தென் பசிபிக்கில் பிப் ஹேர் என்ற பிரிட்டிஷ் வீராங்கனை சுக்கான் தண்டில் விரிசல் கண்டு, தன்னந்தனியாக உதிரிச் சுக்கானை மாற்றினார். கிளம்பும் முன்பே ஒத்திகை பார்த்திருந்தார். போட்டியை 19ஆவதாக முடித்தார். 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரத்தில் ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கான்களை உடைத்து வருவதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, எப்படிச் செய்வது? படகின் பின்பலகையில், அதாவது பின்முனைச் சுவரில், கதவுக்குப் போடுவது மாதிரி கீல் போட்டு ஒரு கூடு. சுக்கான் பலகை அதற்குள் மேலிருந்து, உறையில் வாள் மாதிரி இறங்கும். டில்லரை, அதாவது திருப்பும் கைப்பிடியை, கூட்டோடுதான் பூட்ட வேண்டும், பலகையோடு அல்ல. அப்போது பலகையை உருவினாலும் திருப்பும் அமைப்பு அப்படியே இருக்கும். பலகையின் முன்விளிம்பு கீலின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வரட்டும். கையில் விழும் பாரம் குறையும். ஆனால் ரொம்ப முன்னால் போனால் படகு கைக்கு அடங்காது.

குறை இல்லாமல் இல்லை. பின்பலகைச் சுக்கான் காற்றை உள்ளே இழுத்துப் பிடிமானம் இழக்கும், முட்டினால் முதல் அடி அதற்குத்தான். இருந்தாலும் எனக்கு இதுவே மேல். ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப்படகு ஓட்டும் பத்து வயதுப் பிள்ளை கரைக்கு வந்ததும் சுக்கானைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறது. பெரிய படகுக்கு மட்டும் ஏன் கிரேன்?

இப்போது அந்தப் படகுக்கு பிளைவுட்டில் மாதிரிக் கூடு செய்துகொண்டிருக்கிறேன். ஃபோம் வைத்த பலகை மிதக்கும், அலை தூக்கினால் தானாகவே மேலே எழும்பும். அதனால் பூட்டு ஊசிக்கான துளையைத்தான் முதலில் போட்டேன்.