இதற்குத்தானா இத்தனை பாகங்கள்?

கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்சிசி வரை எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே, செங்கல் கனத்தில் இருந்த ஒரு மாயாஜாலத் தொடரின் பாகங்களை ஆண்டுக்கணக்கில் சுமந்து படித்தவர்களுக்குக் கடைசி நூலில் கிடைத்தது என்ன? தலைமுறை தலைமுறையான பகை ஒரே பத்தியில் தீர்ந்துவிடுகிறது. முதல் பாகத்திலிருந்து உலகையே மிரட்டிவந்த கொடிய அரசன், படிக்கட்டில் கால் இடறி விழுந்து சாகிறான். அந்தத் தீர்க்கதரிசனம்? ஆசிரியரே மறந்துவிட்டார் போலும். ஆனால், விருந்தில் பரிமாறிய பதார்த்தங்களுக்கு மட்டும் முழு அத்தியாயம்! 1954-இல் பொன்னியின் செல்வனை முடித்த கல்கி, வாசகர்களின் கேள்விகளுக்காக ஒரு முடிவுரையாவது எழுதினார். இவரோ, நாயகியின் மகளை வைத்து அடுத்த தொடரை அறிவித்திருக்கிறார். அதற்கும் நாம் ரிங்கிட்டை எண்ணிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமாம்!