புல்லும் காடுதான்

வனத்துறையில் வேலை என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இதுவரைக்கும் எத்தனை மரம் நட்டிருப்பீங்க?" போன வாரம் கோபியில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பாவும் அதையேதான் கேட்டார். "நட்டதைவிடப் பிடுங்கினதுதான் அதிகம் பெரியப்பா" என்றேன். சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். பந்தியில் உட்கார்ந்து விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, வனவராக எனக்கு அதிக நாள் வேலை நீலகிரி உச்சியில்தான். அங்கே இயற்கையாக இருந்தது இரண்டு: மலை மடிப்புகளில் சோலை எனும் அடர்ந்த குட்டைக் காடு, மீதி மேடெல்லாம் புல்வெளி. வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசாகத் தெரிந்தது. விறகுக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை எனும் வாட்டில் மரத்தையும், கற்பூர மரம் எனும் யூகலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளின் மரக்கூழுக்கும் மலை மலையாக நட்டோம். நட்டது எங்கள் துறைதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

விளைவு தண்ணீரில் தெரிந்தது. ஊட்டிப் பக்கம் கிளென்மார்கனில் ஆய்வாளர்கள் ஒரு புல்வெளி நீர்ப்பிடிப்புப் பகுதியில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டு, வழிந்து வரும் நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டிலேயே 16 விழுக்காடு குறைந்தது. மலைநீர்தான் மாயாறாகவும் பவானியாகவும் பவானிசாகரில் சேர்கிறது. பெரியப்பாவின் நெல் வயலுக்கும் அந்தத் தண்ணீர்தான். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல் சதுப்பில் வளர்வது. சதுப்பு வற்றினால் அதுவும் போச்சு. வரையாட்டுக்குத் திறந்த புல்சரிவுதான் வீடு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள்தான் தேறின.

சரி, வெட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சீகை அவ்வளவு சுலபத்தில் விடாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை அறுத்து வெயில் விழுந்த அடுத்த மழைக்கே கொத்தமல்லிப் பாத்தி மாதிரி முளைத்து நிற்கும். தீ பட்டால் இன்னும் மோசம், சூட்டில் விதை வெடித்து முளைக்கும். ஒவ்வொரு கன்றாகக் கையால்தான் பிடுங்க வேண்டும். முதல் நாள் நான் இழுத்ததெல்லாம் பாதியில் அறுந்தது. "வெடுக்குன்னு இழுக்காதீங்க சார், அடியப் புடிச்சு லேசா ஆட்டி எடுங்க" என்று கற்றுக்கொடுத்தவர் எங்களோடு தினக்கூலிக்கு வரும் ஓர் அக்கா. ஈர மண்ணில் ஆட்டி எடுத்தால் வெள்ளை வேர் முழுசாக வரும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பிறகு அந்த இடத்தில் புல் கற்றைகளைப் பிரித்து நடுவோம்.

எல்லா இடத்திலும் ஒரேயடியாக வெட்டவும் கூடாது. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக வருகின்றன. அங்கே அவசரப்பட்டால் வருவதும் கெடும். எதை விடுவது, எதை எடுப்பது என்று சரிவு சரிவாக நடந்து பார்த்து முடிவெடுப்பதைத்தான் நான் வனத்தொழில் என்று நினைக்கிறேன்.

அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே 2022-இல் தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் வெட்டுவதற்குப் பணம் வரும் வேகத்தில், ஐந்தாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் கன்று பிடுங்குவதற்கு வருவதில்லை. நடுவில் ஒரு வருஷம் விட்டால் முந்தைய கூலியெல்லாம் வீண். போன ஆண்டு ஓர் அமைப்பினர், நாங்கள் மீட்டெடுத்த புல்சரிவைப் பார்த்து "மொட்டையா கிடக்கே" என்று ஆயிரம் நாற்றோடு வந்து நின்றார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். திருப்பி அனுப்பியபோது எனக்கு வலித்தது. உங்கள் ஊர் ஏரிக்கரையில், பள்ளிக்கூடத்தில், சாலையோரத்தில் தாராளமாக நடுங்கள், நானே குழி வெட்ட வருகிறேன். மலை உச்சிப் புல்வெளியை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஜூனில் மழை இறங்கியதும் அந்தச் சரிவுக்கு நாலாவது முறையாகப் போகிறோம். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை பெரியப்பாவையும் கூட்டிப்போய்க் காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன்.